இனி காத்தாயியாக இவர்

"மெம்பர் சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் தன் வழியே போய்க்கொண்டிருக்கிறார். நாலு எட்டு முன்னே போய்விட்ட செம்மொழி நிற்கிறார். திரும்புகிறார். காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நன்னிலம் கடைத்தெருவில் அவரை எட்டிப் பிடிக்கிறார்.

"ஐயா, மெம்பரு மெட்ராஸ்ல இருக்கா. மொகத்துல சாயம் பூசிக்கிட்டு இருக்கா. நான் செம்மொழி. டிராக்டர் ஓட்டுற மருதையன் பொண்டாட்டி. இனிமே செம்மொழின்னு கூப்புடுங்க."

பெரியவர் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று பயந்து தலையாட்டுகிறார். பேருந்து நிலையத்திலிருந்து காய்கறிக் கடை வரை பத்து நிமிட நடை. இப்படி ஐந்தாறு பேரைத் திருத்திவிட்டுப் போக வேண்டியிருப்பதால் செம்மொழிக்கு முக்கால் மணி ஆகிறது. அதனாலேயே மருதையன் அவரோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

செம்மொழிக்கு நாற்பத்தேழு வயது. ஆற்று வண்டல் மழையில் நனைந்தால் வரும் கறுப்பு. வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று பேசினால் அந்தக் கரை ஆடுகள் திரும்பிப் பார்க்கும் குரல். கோபம் வந்தால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். இப்போதெல்லாம் அது காலையில் செருகினால் படுக்கப் போகும்போதுதான் அவிழ்கிறது.

ஒன்பது வருஷம் அவர் தொலைக்காட்சியில் 'மெம்பர் காத்தாயி'யாக இருந்தார். 'எட்டாம் வார்டு' என்ற நகைச்சுவைத் தொடர். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழரை மணி. நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண் பஞ்சாயத்து வார்டு உறுப்பினராகி, தலைவரையும் துணைத் தலைவரையும் தண்ணீர் குடிக்க வைக்கும் கதை. மாதத்தில் பத்து நாள் சென்னையில் படப்பிடிப்பு. மீதி நாளெல்லாம் செம்மொழி குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் நிற்பார். முதல் நாள் களை பறித்த கையோடு மறுநாள் கேமரா முன் நிற்பார். நகத்தில் சேறு இருக்கிறதே என்று ஒப்பனைக்காரர் சொன்னால், "இருக்கட்டும் தம்பி, அதுவும் நடிக்கட்டும்" என்பார்.

அவர் நடிக்கப் போனதும் ஒரு சண்டையால்தான். அவர்கள் தெரு நிறுத்தத்தில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்த ஒரு பேருந்தைக் கையை விரித்து நடுரோட்டில் நின்று மறித்தார். இருபது நிமிடம் நடத்துநரோடு வாதாடினார். பேருந்துக்குள் இருந்த பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நெடுஞ்செழியன் என்ற இயக்குநரும் ஒருவர். மறுவாரமே அவர் தேடிக்கொண்டு வந்தார்.

காத்தாயியை நெடுஞ்செழியன் எழுதினார் என்று பெயர் போடுவார்கள். செம்மொழி அதை ஒப்புக்கொள்வதில்லை. "அவரு பேனா புடிச்சாரு. பேசுனது நான்" என்கிறார். உண்மைதான். காத்தாயியின் நடை அவருடைய அம்மாவின் நடை. வார்டு உறுப்பினர் என்ற யோசனை அவருடைய நாத்தனாரிடமிருந்து வந்தது. அந்த நாத்தனார் ஐந்து வருஷம் நிஜமான வார்டு உறுப்பினர். முதல் இரண்டு வருஷம் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை. தரையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். செம்மொழி இதை நெடுஞ்செழியனிடம் சொன்னார். அதிலிருந்து அவர் முதல் காட்சியை எழுதினார். வெற்றி பெற்ற காத்தாயி, வீட்டு நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போவார். ஊரே பின்னால் போகும். அந்த ஒரு காட்சியால் தொடர் ஒன்பது வருஷம் ஓடியது.

நெடுஞ்செழியன் சினிமாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ராஜராஜன் வந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை, எல்லோரையும் "மா" போட்டுக் கூப்பிடும் பழக்கம். போன ஆனி மாதம், சென்னையில், ஒரு காட்சியை விளக்கினார்.

"பஞ்சாயத்து மீட்டிங் நடக்குதும்மா. பெரிய ஆபீசர் வர்றாரு. சேர் ஒண்ணு பத்தல. நீங்க சட்டுனு எந்திரிச்சு அவருக்குக் குடுத்துட்டுக் கீழ உக்காந்துடுறீங்க. உக்காந்து ஒரு சிரிப்பு சிரிக்கிறீங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பா?"

"ஆடியன்ஸ்ம்மா."

"எந்த ஊரு ஆடியன்ஸ்?"

ராஜராஜன் கையில் இருந்த தாள்களை அடுக்கினார். "காமெடிதானேம்மா. பெருசா எடுத்துக்காதீங்க."

"சேர் பத்தலன்னா தலைவரு கீழ உக்காரட்டும். அதுவும் காமெடிதானே? துணைத் தலைவரு உக்காரட்டும். அவருக்குத் தொப்பை வேற இருக்கு, இன்னும் சிரிப்பா இருக்கும். எட்டு பேரு உக்காந்திருக்கையில எந்திரிக்கிறவ ஏன் காத்தாயியா இருக்கணும்? என் நாத்தனாரு வூட்டுல டிவி இருக்கு சார். ஏழரைக்கு அவ போட்டுப் பாப்பா."

அன்று அந்தக் காட்சியை எடுக்கவில்லை. யாரும் சண்டை போடவுமில்லை. "அடுத்த ஷெட்யூல் சொல்றோம்மா" என்று வண்டி வைத்து ரயிலடியில் இறக்கிவிட்டார்கள். செம்மொழி ஊருக்கு வந்து, அடுத்த அழைப்புக்காகப் பையில் துணி எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

அழைப்பு வரவில்லை. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை ஏழரை மணிக்கு, வழக்கம்போல அவர் வீட்டில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். நடவுக் குழுவை நடத்தும் அம்சம், எப்போதும்போலச் சுவரோரம் சாய்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. திரையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் படம் வந்தது. கீழே பூ வேலைப்பாட்டோடு எழுத்து: 'இனி காத்தாயியாக நிலா'.

அம்சம் சிரித்தார். அதுவும் தொடரில் வரும் வேடிக்கைதான் என்று நினைத்துவிட்டார். அடுத்த நொடி அந்தப் பெண் பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் நடந்து வந்தார். வெளுப்பான முகத்துக்கு மேல் மண்ணிறச் சாயம். காது மடலுக்குப் பின்னால் மட்டும் பூச மறந்த வெள்ளை. உடம்பில், மன்னார்குடியில் செம்மொழி தன் கையால் தேர்ந்தெடுத்து வாங்கி, படப்பிடிப்புத் தளத்தில் விட்டுவிட்டு வந்த கட்டம் போட்ட புடவை.

விளம்பரம் வந்தபோது மருதையன் எழுந்து வெளியே போனார். டிராக்டரைக் கழுவும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து ஏழரை மணிக்கு அவருக்கு டிராக்டரில் ஏதாவது வேலை இருக்கிறது.

செம்மொழி உதவி இயக்குநர் பரிதிக்குப் போன் போட்டார். ஒன்பது வருஷம் தன்னை "அக்கா" என்று கூப்பிட்ட பையன். அவன் எதிர்பார்த்தது அழுகை.

"வேலய நீங்களே வச்சிக்குங்க. எம் பொடவயக் குடுங்க."

"அக்கா, நான் சொல்லணும்னுதான்..."

"ஒரு ஆளு சொல்லல. தள்ளுவண்டியில வாழப்பழம் விக்கிறவன் கூட, நாளைக்கு வரமாட்டேன்னா இன்னைக்கே சொல்லிட்டுப் போறான். தெருவே ஒக்காந்து பாக்கையில, என் வூட்டுல, என் டிவியில எனக்குச் சொல்றீங்களா?"

பத்து நாளில் தபாலில் ஒரு பட்டுப்புடவை வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். "புதுசு எவன் கேட்டான்?"

புடவையைத் தொடர்ந்து பரிதியின் போன் வந்தது. குரலில் தயக்கம். புதுப் பெண்ணுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு வரவில்லை. பின்னணிக் குரல் கொடுத்தவர்களுக்கும் வரவில்லை. 'வாய்க்கா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கால்வாய்' என்கிறார்கள். கடிதங்கள் வருகின்றன.

"குரல் மட்டும் நீங்க குடுத்தா போதும்க்கா. யாருக்கும் தெரியாது. ஸ்டூடியோவுக்கு வந்து பேசிட்டு அன்னைக்கே திரும்பிடலாம்."

"தொண்டை தனியா வராது தம்பி" என்றார் செம்மொழி. "அதுக்குப் பின்னாடியே ஒடம்பும் வரும். கறுப்பா இருக்கும். ஒங்க டைரக்டருக்குப் பரவாயில்லயான்னு கேட்டுச் சொல்லு."

போய்ப் பேசிவிட்டு வந்திருக்கலாம் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். மருதையனும் ஒருநாள் மெதுவாக, "ஒம்போது வருசம் நல்லாத்தானே இருந்துச்சு, வுடேன்" என்றார். அன்று அவர் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஆனால் தொடர் நின்றுவிடவில்லை. செம்மொழியை உண்மையாகவே சுட்டது அதுதான். முதல் வாரம் ஊரே திட்டியது. இரண்டாவது வாரம் பாதிப் பேர் திட்டினார்கள். நாலாவது வாரம், துணைத் தலைவர் சகதியில் விழும் காட்சிக்கு அம்சமே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது நினைவு வந்தது.

"பழகிடுச்சு செம்மொழி, என்னா பண்றது" என்றார் அம்சம், நாக்கைக் கடித்துக்கொண்டு.

மூன்று நாள் அம்சத்தோடு பேச்சில்லை. "ஒம்போது வருசம் பழகுனது நாலு வாரத்துல பழகிடுமா? அப்ப நான் யாரு, சோப்புக் கட்டியா, தேஞ்சா மாத்திக்க?" என்று ஆட்டுக்குத் தழை ஒடித்தபடி தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நாலாம் நாள் அம்சமே வந்து, குறை கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தானாக ஏற்றுக்கொண்டார். அதிலிருந்து ஏழரை மணி முதல் எட்டு மணி வரை அந்த வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைவிட அம்சத்தின் சத்தம்தான் அதிகம். "நடவுக்குப் போறவ கதிரருவாள தூக்கிட்டுப் போறா, யார வெட்ட?" "வரப்புல செருப்புப் போட்டு நடக்குறா பாரு, வழுக்கி வுழ." எட்டு மணிக்கு செம்மொழி அந்தப் பட்டியலைப் பரிதிக்குப் போனில் ஒப்பிப்பார். பரிதி எடுக்கவில்லை என்றால் எடுக்கும் வரை அடிப்பார். சில பிழைகள் மறுவாரமே திருந்தியிருக்கும். அதற்கும் கோபம்தான். "நம்ம சொல்லித்தான் நடக்குது. பேரு மட்டும் அவனுக்கு."

புரட்டாசியில் படப்பிடிப்புக் குழு பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்தது. சம்பா நடவுக் காட்சி. வயலில் நிஜமான நடவு ஆட்கள் வேண்டும் என்று இடைத்தரகர் மூலமாகக் கேட்டு, கடைசியில் அமர்த்தியது அம்சத்தின் குழுவை. அம்சம் போகவா வேண்டாமா என்று கேட்க வந்தபோது செம்மொழி ஏற்கனவே முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தார்.

"போவோம். நானும் வர்றேன். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும் அவள."

பேருந்தில் முழு வழியும் அந்த நாலு கேள்விகளையும் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார் என்று அம்சம் சொல்கிறார்.

நிலா ஒரு வேனின் நிழலில் நின்றிருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருக்க, ஒரு பெண் முழங்கை வரை சாயம் பூசிக்கொண்டிருந்தார். செம்மொழியைக் கண்டதும் நிலா நீட்டிய கைகளை அப்படியே கூப்பினார். சாயம் ஈஷிக்கொண்டது.

"காத்தாயி அக்கா!"

"காத்தாயி நீ. நான் செம்மொழி. எம் பொடவ ஒன் ஒடம்புல என்னா பண்ணுது?"

"உங்க புடவைன்னு எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா. கம்பெனி புடவைன்னு குடுத்தாங்க."

இரண்டாவது கேள்வியைக் கேட்க வாயெடுத்த செம்மொழியின் கண், பூசப்படாமல் இருந்த மேல்கையில் விழுந்தது. தோல் தடித்து, சிவந்து, ஊசி ஊசியாகப் பொரிந்திருந்தது.

"இது என்னாது?"

"வெயில்ல இந்த மேக்கப் சேரலக்கா. வீட்டுக்குப் போனதும் எரிச்சல்ல தூங்க முடியாது. சொன்னா, அந்த ரோலுக்கு அப்படித்தான் வேணுங்கறாங்க."

"கறுப்பு வேணும்னா கறுத்தவ இருந்தாளே! அவள அனுப்பிட்டு, வெளுத்தவள கொண்டாந்து, தோலு வெந்து போற மாதிரி கறுப்பு அடிக்கிறானுவளா? என்னா புத்தி இது!" செம்மொழியின் குரலைக் கேட்டு, சாயம் பூசிக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துக்கொண்டார். "ஒன் பேரு நிலாதானா, இல்ல அதுலயும் ஏதும் பூசியிருக்கானுவளா?"

நிலா தயங்கினார். "தமிழ்நிலா. எங்கப்பா ஆவடியில லாரி ஷெட்டுல வேலை செய்யறாரு, அவரு வச்ச பேரு. தமிழ் வேணாம், நிலான்னா ரிச்சா இருக்கும்னு எடுத்துட்டாங்க."

"தமிழ வெட்டுனா ரிச்சா?" செம்மொழி சுற்றிலும் பார்த்தார், யாரிடம் இதைக் கேட்பது என்பதுபோல. பிறகு தணிந்த குரலில், "நாளைக்கு என்னா சீனு?" என்றார்.

"மீட்டிங் சீன். கல்யாண மண்டபத்துல செட் போட்டிருக்காங்க. ஆபீசர் வந்ததும் நான் சேரக் குடுத்துட்டுக் கீழ உக்காரணும்."

ராஜராஜன் அந்தக் காட்சியை விடவில்லை. செம்மொழி நின்ற இடத்திலேயே நாத்தனார் கதையைச் சொன்னார், இரண்டு வருஷம் தரையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதை. நிலா கண்ணெடுக்காமல் கேட்டார்.

"நான் முடியாதுன்னா நாளன்னைக்கு வேற ஒருத்தி இந்தப் புடவையைக் கட்டிட்டு நிப்பாக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

செம்மொழி அந்தப் பொரிந்த கையை மறுபடி பார்த்தார்.

அதற்குள் ராஜராஜன் பார்த்துவிட்டார். வேகமாக வந்தார். "இங்க கூட்டம் சேக்காதீங்கம்மா. ஷூட்டிங் நடக்குது. கொஞ்சம் ஊருக்குள்ள போய் இருங்க."

"ஊரா? இதான் சார் என் ஊரு. நன்னிலத்துலேந்து இந்த வரப்பு வரைக்கும் என் கால் படாத சேறு இல்ல. காத்தாயிய நீங்க மெட்ராஸ்ல செஞ்சீங்களா? என் ஆத்தா நடை அது. என் நாத்தனாரு பட்ட அவமானம் அது. என்னை மாத்துனீங்க, சரி, மொதலாளி நீங்க. அவள எதுக்கு சார் கீழ எறக்குறீங்க?"

ராஜராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்திலிருந்த ஆளிடம், "இவங்கள வெளிய அனுப்புப்பா" என்றார்.

வயலில் குனிந்திருந்த இருபது முதுகுகளும் நிமிர்ந்தன. அம்சம் கையிலிருந்த நாற்று முடியைப் போட்டுவிட்டு வரப்பேறினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறினார்கள். "செம்மொழி போனா நாங்களும் போறோம். நீங்களே எறங்கி நட்டுக்குங்க."

கேமராக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கால் மணி நேரம் அந்த வயலில் கொக்குகளைத் தவிர யாரும் அசையவில்லை. கடைசியில் அவர்களைத் திருப்பி இறக்கியது செம்மொழிதான்.

"எறங்குங்கடி. பறிச்ச நாத்து வெயில்ல கெடக்கு. வயக்காரன் என்னா பாவம் செஞ்சான்?"

அவர் போகவில்லை. அதன் பிறகு போகச் சொல்ல ராஜராஜனும் வரவில்லை. மாலை வரை வரப்பில் நின்று, கேமரா ஓடும்போதே, "ஆழமா ஊனாத! வேரு மூச்சு முட்டும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். நிலா ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, தலையாட்டிவிட்டு, மறுபடி குனிந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பரிதியே போன் போட்டான். "அக்கா, நாளைக்கு அவசியம் பாருங்க. அந்த மீட்டிங் சீன் வருது."

"அதப் பாக்க வேற செய்யணுமா?"

"பாருங்கக்கா. ஏழு டேக் எடுத்தோம். லைட்டும் போயிடுச்சு, மண்டபமும் காலி பண்ணணும், கடைசியா வந்ததயே வச்சுக்கிட்டோம். டைரக்டர் இன்னும் கொதிச்சுட்டு இருக்காரு. அடுத்து என்ன ஆகும்னு எனக்குத் தெரியல." அதோடு போனை வைத்துவிட்டான்.

மறுநாள் ஏழரைக்கு வீடு நிறைந்திருந்தது. நாத்தனாரும் வந்திருந்தார். பஞ்சாயத்துக் கூட்டம் தொடங்கியது. அதிகாரி உள்ளே வந்தார். தலைவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மெம்பரு, சேரு பத்தல. நீ கீழ ஒக்காந்துக்கயேன்" என்றார். காத்தாயி நாற்காலியிலிருந்து எழுந்தார். அதிகாரி உட்கார்ந்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

காத்தாயி உட்காரவில்லை. தலைவரின் மேஜைக்கு எதிரே போய், இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி நின்றுகொண்டார். தலைவர் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்து, வராமல், எச்சில் விழுங்கினார். அந்தத் திணறல் நடிப்பில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எங்கோ பின்னணியில் போட்ட சிரிப்பொலி ஆரம்பித்து, பாதியில் வெட்டுப்பட்டது.

"அண்ணி, இவ..." என்று நாத்தனார் செம்மொழியின் பக்கம் திரும்பினார். செம்மொழி திரும்பவில்லை.

திரையில் காத்தாயி பேசத் தொடங்கினார். "நீங்க மீட்டிங்க நடத்துங்க தலைவரே. நான் இப்புடியே நின்னு கேக்குறேன்."

அம்சத்துக்குப் பழக்கம் விடவில்லை. "நின்னு கேக்குறேனாம், பேச்சப் பாரு, இந்தப் பக்கத்துல அப்புடியா இழுப்பாங்..." என்று தொடங்கினார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே செம்மொழி கையை நீட்டி, அம்சத்தின் வாயைப் பொத்தினார்.